ஓராண்டு ஊரில் இருக்க மாட்டேன்: இரண்டு கிட்டார்களை வீட்டில் எங்கே, எப்படி வைப்பது?

சமாதானபுரத்தான் | பாளையங்கோட்டை | 11 மே 2024

அனைவருக்கும் வணக்கம். ஜூன் இரண்டாம் வாரம் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போகிறேன். ஓராண்டு ஒப்பந்தம். வீட்டில் அம்மா மட்டும் இருப்பார்.

என்னிடம் இரண்டு கிட்டார்கள் இருக்கின்றன. ஒன்று என்னுடையது; மேல்பலகை முழு ஸ்ப்ரூஸ் மரம், உள்ளே பிக்கப் (ஒலிபெருக்கியோடு இணைக்க உதவும் மின்கருவி) இருக்கிறது, மூன்று ஆண்டு சேமிப்பில் வாங்கினேன். இன்னொன்று அப்பாவுடையது. 1986-இல் வாங்கிய, கல்கத்தாவில் செய்த கிட்டார். சபையின் வாலிபர் கூட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் அதைத்தான் வாசித்தார். அவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பின்பலகையில் அவருடைய பெல்ட் உரசிய தடம் அப்படியே இருக்கிறது. விலை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் வராது. ஆனால் அதற்கு ஒன்று ஆகிவிட்டால் எனக்கு வேறு கிட்டார் ஈடாகாது.

கீழே பட்டாசல் (முன்கூடம்), உள்ளே ஒரு படுக்கையறை, பின்னால் அடுக்களை. மாடியில் ஒரே அறை. மேற்குப் பார்த்தது, மேலே மொட்டைமாடித் தளம். மாடி அறைப் பரணில் வைத்தால் யாரும் தொட மாட்டார்கள் என்கிறார் அம்மா. பட்டுச்சேலை இருக்கும் பீரோதான் பத்திரம் என்கிறார் மாமா. சுவரில் மாட்டிவிட்டுப் போ என்கிறான் நண்பன். யார் சொல்வதைக் கேட்பது?

முறுக்காணி | முருகன்குறிச்சி | 11 மே 2024

தம்பி, முதலில் பரணை மறந்துவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

பதினேழு ஆண்டுகளாகக் கிட்டாரும் வயலினும் மாண்டலினும் பழுது பார்க்கிறேன். சித்திரை, வைகாசியில் என் மேசைக்கு வரும் கிட்டார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே நோய்தான். பிரிட்ஜின், அதாவது மேல்பலகையில் கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் கட்டையின், பின்விளிம்பு பலகையை விட்டுத் தூக்கிக்கொண்டு நிற்கும். எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டால், பரண் என்பார்கள். மாடி அறை என்பார்கள். அல்லது கல்யாண வீட்டு வாசலில் இரண்டு மணி நேரம் காருக்குள் இருந்தது என்பார்கள்.

காரணம் எளிது. இரும்புக் கம்பி போட்ட கிட்டாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. அந்த இழுவை முழுவதையும் தாங்கிக்கொண்டு பிரிட்ஜைப் பிடித்திருப்பது ஒரு மெல்லிய பசைப்படலம். மரத்தை ஒட்டும் பசைகள் பலவும் 60, 65 டிகிரி செல்சியசை நெருங்கும்போது இளகத் தொடங்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்த வெப்பம் நம் ஊரில் சாதாரணமாக வந்துவிடும். பரணில் அவ்வளவு ஏறாது என்பது உண்மைதான். ஆனால் மொட்டைமாடித் தளம் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவெல்லாம் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். சூடான காற்று மேலே தங்கும். பரண் இருப்பதும் அங்கேதான். கார் இரண்டு மணி நேரத்தில் செய்வதைப் பரண் இரண்டு கோடையில் செய்துவிடும்.

இன்றைக்கே ஒன்று பாருங்கள். ஒரு தாளை எடுத்து இரண்டு கிட்டார்களின் பிரிட்ஜ் ஓரத்திலும் வைத்து மெதுவாகத் தள்ளுங்கள். எங்கும் நுழையக்கூடாது. நுழைந்தால், போவதற்கு முன்பே சொல்லுங்கள்.

சமாதானபுரத்தான் | 11 மே 2024

பார்த்துவிட்டேன், அண்ணாச்சி. என்னுடையதில் எங்கும் நுழையவில்லை. அப்பாவுடையதில் இடது ஓரத்தில் நகக்கண் அளவு நுழைகிறது.

முறுக்காணி | 11 மே 2024

அந்த அளவு என்றால் இப்போது பிரித்து ஒட்ட வேண்டியதில்லை. கம்பியை இறக்கி வைத்தால் அப்படியே நிற்கும். ஒரு மெல்லிய பென்சில் கோடு போட்டு, தாள் எதுவரை போகிறது என்று குறித்துவையுங்கள். திரும்பி வரும்போது கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்போம்.

இலஞ்சிச் சாரல் | தென்காசி மாவட்டம் | 12 மே 2024

அண்ணாச்சி சொல்வது வெயிலூருக்குச் சரி. எங்களுக்கு எமன் ஈரம்தான்.

ஆனி, ஆடியில் இங்கே சாரல் தொடங்கிவிட்டால் துவைத்த துணி மூன்று நாள் காயாது. ஒரு வருடம் பெட்டியை ஆறு வாரம் திறக்காமல் விட்டுவிட்டேன். திறந்தபோது கழுத்தின் பின்பக்கமும் தோல் வாரும் சாம்பல் பூத்ததுபோல வெள்ளையாக இருந்தன, பூஞ்சை. மேல்பலகை பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு வைத்திருந்தது. கம்பி உயர்ந்து, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) என் சுண்டுவிரல் நுழையும் போலிருந்தது. ஒலி ஈரத்துணியைப் போர்த்திய தவில் மாதிரி அடைத்துக் கேட்டது.

அன்றிலிருந்து பெட்டிக்குள் அரைக் கிலோ சிலிகா ஜெல் வைத்திருக்கிறேன். ஆரஞ்சு நிறக் குருணை. ஈரத்தைக் குடித்ததும் நிறம் மாறும், வாணலியில் மெல்லிய தீயில் வறுத்தால் பழைய நிறத்துக்குத் திரும்பும். நீங்களும் அதையே செய்யுங்கள், தம்பி.

முறுக்காணி | 12 மே 2024

பாளையங்கோட்டையில் ஆடி மாதம் அரைக் கிலோ சிலிகா ஜெல்லா? ஐயோ, வேண்டாம். கடந்த ஆண்டு இதே யோசனையை எங்கேயோ படித்துவிட்டு ஒரு கல்லூரி மாணவர் செய்தார். ஆவணியில் என்னிடம் கொண்டுவந்தார். மேல்பலகையில் பிரிட்ஜிலிருந்து அடிவரை மயிரிழை விரிசல். ஃப்ரெட்டுகளின் ஓரம் கையைக் கிழிக்கும் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உலோகம் வளரவில்லை, விரல்பலகை சுருங்கிவிட்டது. கேட்டபோது, "பெட்டிக்குள் பத்திரமாகத்தானே வைத்திருந்தேன்" என்றார். அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அம்பை ஆசிரியை | அம்பாசமுத்திரம் | 12 மே 2024

நீங்கள் இருவரும் சொல்வது சரிதான். இரண்டு ஊர்களும் வேறு என்பதுதான் விஷயம். நான் பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். வீட்டில் மகள் கிட்டார் வாசிக்கிறாள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் வருகிறது. மலையடிவாரத்தில் இருக்கும் குற்றாலம், இலஞ்சி, தென்காசிக்கு அதன் ஈரத்தில் கொஞ்சம் சாரலாகக் கிடைக்கிறது. அதே காற்று சமவெளியில் கிழக்கே ஓட ஓடச் சூடேறுகிறது; சூடேறும் காற்றின் ஒப்பு ஈரப்பதம் குறைந்துகொண்டே போகும். தென்காசியிலிருந்து திருநெல்வேலி 55 கிலோமீட்டர் தூரம்தான். ஆடியில் அங்கே பூஞ்சை. திருநெல்வேலியில் உதடு வெடிக்கும். பிறகு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்ததும் பாளையங்கோட்டையும் நனைந்துபோகும். ஆக, சமவெளியில் இருக்கும் ஒரு கிட்டார் ஒரே ஆண்டில் வறட்சியையும் பார்க்கும், ஈரத்தையும் பார்க்கும்.

இதில் மரத்துக்கு என்ன ஆகிறது? காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் இருக்கும்போது மரத்துக்குள் எடையில் ஏறத்தாழ 9 சதவீதம் நீர் இருக்கும். 80 சதவீதத்தில் அது 16-ஐ நெருங்கும். 30-இல் 6-க்குத் தாழும். மரம் நார் ஓடும் திசையில் அநேகமாக நீளாது. குறுக்கேதான் விரியும், சுருங்கும். 40 சென்டிமீட்டர் அகலமான ஸ்ப்ரூஸ் பலகை எதிலும் ஒட்டாமல் தனியாகக் கிடந்தால், 50 சதவீத ஈரப்பதத்திலிருந்து 80-க்குப் போகும்போது ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் விரியும். கிட்டாரின் மேல்பலகையோ சுற்றிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. பக்கவாட்டில் விரிய வழியில்லை. அதனால் மேலே புடைக்கிறது. சுருங்கும்போதும் வழியில்லை, அதனால் வெடிக்கிறது. இலஞ்சி அண்ணன் பார்த்த வயிறும் அண்ணாச்சி பார்த்த விரிசலும் ஒரே சங்கதியின் இரண்டு முனைகள். பல அடுக்குகளை மாற்றி மாற்றி ஒட்டிய பிளைவுட் மேல்பலகை இவ்வளவு ஆடாது. தம்பியின் அப்பா கிட்டார் நாற்பது ஆண்டுகளை நெருங்கியும் வெடிக்காமல் இருப்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

கிட்டாருக்கு ஏற்றது 45-இலிருந்து 55 வரை. உங்கள் வீட்டில் எந்த அறையில் எவ்வளவு என்று எங்களில் யாரும் இங்கிருந்து சொல்ல முடியாது. ஒரு ஈரப்பதமானி வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். வாங்கியதும் அது சொல்வது சரியா என்று பார்த்துவிடுங்கள். ஒரு பாட்டில் மூடியில் சாதாரணச் சமையல் உப்பைப் போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் களியாக்குங்கள், கரைந்து ஓடிவிடக்கூடாது. அந்த மூடியையும் ஈரப்பதமானியையும் இறுக மூடும் டப்பாவில் வைத்து, வெயில் படாத இடத்தில் ஓர் இரவு விடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75-இல் வந்து நிற்கும். எந்த ஊர் டப்பாவாக இருந்தாலும் 75-தான். உப்பின் குணம் அது. கருவி 70 என்று காட்டினால், அது 5 குறைத்துச் சொல்கிறது என்று அர்த்தம். தூத்துக்குடி உப்புக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நாம் இந்தச் சோதனையைச் செய்யாமல் இருக்கக்கூடாது.

இலஞ்சிச் சாரல் | 12 மே 2024

டீச்சர், இது எனக்கும் தெரியாது. நானும் இன்று இரவே உப்பு வைக்கிறேன். சிலிகா ஜெல் பற்றி நான் சொன்னதைத் தம்பி பின்பற்ற வேண்டாம்.

சமாதானபுரத்தான் | 16 மே 2024

வாங்கிவிட்டேன். உப்புச் சோதனையில் 71 காட்டியது; அதனால் 4 கூட்டிக்கொள்கிறேன். கூட்டிய பிறகு கணக்கு இது:

மாடிப் பரண், மதியம் இரண்டு மணி: 39 டிகிரி, 33 சதவீதம். அதே பரண் இரவு பதினொரு மணிக்கும் 36 டிகிரி. ராத்திரியில் அவ்வளவு சூடு என்பதைக் கையில் கருவியோடு நின்றபோதுதான் நம்பினேன்.

கீழே பட்டாசலில், படுக்கையறையோடு சேர்ந்த உட்சுவர் ஓரம், மதியம் இரண்டு மணி: 34 டிகிரி, 44 சதவீதம். விடிகாலை ஐந்து மணி: 30 டிகிரி, 55 சதவீதம்.

பீரோவுக்குள் கருவியை இரவு முழுக்க வைத்தேன், 50. எண் நன்றாகத்தான் இருக்கிறது. அம்மாவும் பீரோவையே சொல்கிறார். ஆனால் உள்ளே ஒரே அந்துருண்டை வாடை.

முறுக்காணி | 16 மே 2024

பட்டாசல் உட்சுவர்தான் இடம். இதற்குமேல் தேட வேண்டாம். மேற்குச் சுவரும், குளியலறைக்குப் பின்சுவரும், அடுக்களைச் சுவரும் கூடாது. மனிதர்கள் நாள் முழுவதும் புழங்கும் உள்ளறை எப்போதும் நடுவாந்தரமாக இருக்கும். நமக்குத் தாங்காத வெப்பம் கிட்டாருக்கும் தாங்காது.

வீணை மாணவி | திருநெல்வேலி டவுன் | 17 மே 2024

பீரோவைப் பற்றி ஒரு வார்த்தை. அந்துருண்டை இருக்கும் இடத்தில் இசைக்கருவியை வைக்காதீர்கள். அந்த ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். கிட்டாரில் நகம் படும் இடத்தில் ஒட்டியிருக்கும் தகடு, திருகாணிக் குமிழ், ஓரப்பட்டை எல்லாம் பெரும்பாலும் பிளாஸ்டிக்தானே. தவிர, அந்த வாடை மரத்துக்குள் ஏறினால் மாதக்கணக்கில் போகாது.

எங்கள் ஆச்சியின் வீணை பெட்டியில் வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து போட்டிருப்பார்கள். வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து, வீணையை எடுத்து, பழைய மல் துணியால் துடைத்து, ஒரு சுரமாவது மீட்டிவிட்டுத்தான் மூடுவார். எனக்கு வீணை சொல்லிக்கொடுத்தவரும் அதையே சொன்னார். பூச்சி வருவது யாரும் தொடாத இடத்துக்குத்தான். தம்பி, உங்கள் அம்மா மாதம் ஒருமுறையாவது பெட்டியைத் திறப்பாரா? இந்த இழையில் எல்லோரும் இடத்தைப் பற்றிப் பேசுகிறோம். ஆளைப் பற்றியும் பேச வேண்டும்.

அம்பை ஆசிரியை | 17 மே 2024

பூச்சி என்றதும் நினைவுக்கு வந்தது. சுவரில் திறந்தபடி மாட்டினால் குளவி வரும். கோடை விடுமுறையில் இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தோம். மகளின் கிட்டாருக்குள் ஏதோ உருள்வதுபோல ஒரு சத்தம். கண்ணாடி வைத்துப் பார்த்தால், ஒலித்துளைக்கு உள்ளே, மேல்பலகையின் அடியில் கட்டைவிரல் அளவு மண்கூடு. உலர்ந்த மண் விழுந்து உருண்டிருக்கிறது. எடுத்துவிட்டோம், ஆனால் கூடு இருந்த இடத்தில் ஈரமண் பட்ட கறை இன்னும் இருக்கிறது. தினமும் எடுத்து வாசிப்பவர் மாட்டிவைக்கலாம். ஓராண்டு போகிறவர் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

சிந்துபூந்துறை | திருநெல்வேலி ஜங்ஷன் | 18 மே 2024

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒன்று சொல்லியாக வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரையைத் தாண்டி எங்கள் தெருவுக்குள் வந்தது. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்கள் வீட்டில் இருந்ததால் மாலையிலேயே அரிசியையும் பத்திரங்களையும் மேலே ஏற்றினோம். கிட்டார் கட்டிலுக்கு அடியில் பெட்டியோடு இருந்தது. அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கே வரவில்லை. மறுநாள் தண்ணீர் வடிந்த பிறகு, பெட்டி கவிழ்ந்து சமையலறை வாசலில் சேறோடு கிடந்தது.

அடுத்த தவறு என்னுடையது. பதற்றத்தில் அதை மாடியில் வெயிலில் காயவைத்தேன். மூன்றாம் நாள் பின்பலகை பக்கச் சட்டத்திலிருந்து விரல் அகலம் பிரிந்துவிட்டது.

அதனால் கேட்டுக்கொள்கிறேன்: எந்தத் தெருவாக இருந்தாலும் தரையில் வைக்காதீர்கள். இரண்டடி, மூன்றடி உயரம் வேண்டும்.

முறுக்காணி | 18 மே 2024

வருத்தமாக இருக்கிறது, ஐயா. அந்த வாரம் இப்படிப் பல கிட்டார்கள் என்னிடம் வந்தன. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: நனைந்துவிட்டால் கம்பிகளை உடனே தளர்த்துங்கள், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சேற்றைத் துடைத்து எடுங்கள், நிழலில், காற்றாடி நேரே படாமல், வாரக்கணக்கில் மெதுவாகக் காயவிடுங்கள். பெட்டியைத் தனியே காயவைக்க வேண்டும். பிரிந்ததை மீண்டும் ஒட்டலாம். வேகமாகக் காய்ந்து கோணியதை நிமிர்த்துவதுதான் கடினம். உங்கள் பின்பலகை கோணவில்லை என்றால் கொண்டுவாருங்கள், பார்க்கிறேன்.

தரையில் வைக்கக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் கறையான். சுவரோடு ஒட்டியும் வைக்க வேண்டாம். நான்கு விரல் இடைவெளி விடுங்கள்.

பணகுடிக் காற்று | பணகுடி | 19 மே 2024

கம்பிகளை என்ன செய்வது என்று இன்னும் யாரும் பேசவில்லையே. முழுவதும் கழற்றிவிட வேண்டும் என்பது என் கருத்து. இழுவையே இல்லாவிட்டால் எதுவும் வளையாது, எதுவும் பிரியாது.

முறுக்காணி | 19 மே 2024

பாதி சரி. தம்பியின் கிட்டார் கழுத்துக்குள் டிரஸ் ராட் என்னும் எஃகுக் கம்பி இருக்கிறது. கம்பிகள் கழுத்தை முன்னால் இழுக்கும். டிரஸ் ராட் பின்னால் இழுக்கும். இரண்டும் சமமாக இருப்பதால்தான் கழுத்து நேராக நிற்கிறது. ஒரு பக்கத்தை முழுவதும் விட்டுவிட்டு ஓராண்டு போனால் கழுத்து பின்பக்கம் வளைய வாய்ப்பிருக்கிறது. அதனால் எல்லாக் கம்பிகளையும் ஒரு முழுச் சுரம் இறக்கினால் போதும்.

அப்பா கிட்டாரைப் பாருங்கள். தலைப்பகுதியில் சிறிய மூடி இருக்கிறதா? ஒலித்துளைக்குள் கழுத்துப் பக்கம் சாவி நுழையும் குழி இருக்கிறதா?

சமாதானபுரத்தான் | 19 மே 2024

இரண்டும் இல்லை, அண்ணாச்சி.

முறுக்காணி | 19 மே 2024

அப்படியானால் பின்னால் இழுக்க ஆளில்லை. பிரிட்ஜ் ஓரமும் லேசாகத் திறந்திருக்கிறது. அதை இரண்டரை, மூன்று சுரம் இறக்குங்கள். கம்பி தொளதொளவென்று ஆனாலும் பரவாயில்லை. பிரிட்ஜின் மேல் கம்பியைத் தாங்கும் சேடிலில் உட்கார்ந்திருந்தால் சரி. ஒரே வீட்டில் இரண்டு கிட்டார்களுக்கு இரண்டு மருந்து.

பணகுடிக் காற்று | 19 மே 2024

புரிந்தது, அண்ணாச்சி. என் கிட்டாரிலும் டிரஸ் ராட் இருக்கிறது. ஆறு மாதமாகக் கம்பியே இல்லாமல் கிடக்கிறது, இன்றே மாட்டிவிடுகிறேன்.

உவரிக் கடற்கரை | உவரி | 20 மே 2024

கடலோரக்காரனின் பங்கு. எங்களுக்கு உப்புக்காற்றுதான் சோதனை. புதிய கம்பி மூன்று வாரத்தில் கறுத்துவிடும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் மூடும் முன் கம்பிகளின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடையுங்கள். விரல் வியர்வையும் உப்புத்தான். தேங்காய் எண்ணெய் தடவி வைக்கச் சொல்வார்கள், வேண்டாம். நாள்பட்டால் காறல் வாடை அடிக்கும், எறும்பும் ஏறும்.

முக்கியமானது: பிக்கப் இருக்கிறது என்றீர்களே, பேட்டரியைக் கழற்றினீர்களா? உள்ளே விட்டுப்போன ஒன்பது வோல்ட் பேட்டரி ஒழுகி என் கிட்டாரின் மின்பலகையைத் தின்றுவிட்டது. மரத்தை இவ்வளவு பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிவிட்டு அதை மறந்துவிடாதீர்கள்.

சமாதானபுரத்தான் | 20 மே 2024

மறந்தேதான் இருந்தேன், அண்ணன். இப்போதே கழற்றிவிட்டேன். மிக்க நன்றி.

சமாதானபுரத்தான் | 8 ஜூன் 2024

நாளை மறுநாள் புறப்படுகிறேன். செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பட்டாசல் உட்சுவர் ஓரம், சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, ஆச்சி காலத்துத் தேக்குப் பெஞ்சு ஒன்றைப் போட்டிருக்கிறேன்; இரண்டரை அடி உயரம். அதன்மேல் பத்தமடைப் பாய். அப்பா கிட்டார் இத்தனை நாள் துணிப்பையில்தான் இருந்தது. அதற்கும் ஒரு கெட்டிப் பெட்டி வாங்கிவிட்டேன். இரண்டு பெட்டிகளையும் பக்கவாட்டில் நிறுத்தி வைத்திருக்கிறேன். மேலே எதையும் வைக்கக்கூடாது என்று அம்மாவிடம் சொல்லியாயிற்று. பெட்டிக்கு ஓர் ஈரப்பதமானி.

வீணை மாணவி அக்கா கேட்டது சரியான கேள்வி. அம்மாவிடம் கேட்டேன். என் கிட்டார் என்றால் திறப்பேன், அப்பாவுடையதை என்னால் திறக்க முடியாது என்றார். நான்கு ஆண்டுகளாக அவர் அந்தப் பையைத் தொட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் கட்டாயப்படுத்தவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு, ஆலயம் முடிந்து வந்ததும் என்னுடையதை மட்டும் திறந்து எண்ணைக் குறித்துவைப்பதாகச் சொல்லியிருக்கிறார். 40-க்குக் கீழே போனால் என்ன செய்வது, 65-க்கு மேலே போனால் என்ன செய்வது என்று ஒரே வரியில் சொன்னால் எழுதிக்கொடுத்துவிட்டுப் போவேன்.

அம்பை ஆசிரியை | 8 ஜூன் 2024

40-க்குக் கீழே: துளையிட்ட சோப்பு டப்பாவில், நன்றாகப் பிழிந்த ஈர ஸ்பாஞ்சை வைத்து, தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் இடத்தில் வைக்கட்டும். சொட்டக்கூடாது. வாரம் ஒருமுறை நனைத்தால் போதும். ஆடி முடியும்வரை தேவைப்படும் என்று நினைக்கிறேன்.

65-க்கு மேலே: டப்பாவை எடுத்துவிட்டு, கைப்பிடி அளவு சிலிகா ஜெல், எண் 55-க்கு வந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும். மழைநாளில் பெட்டியைத் திறந்து வைத்துக் காற்றாடவிடுவது தவறு. வெளியே இருக்கும் ஈரம்தான் உள்ளே வரும். வெயில் அடிக்கும் நாளில் முற்பகலில் திறக்கட்டும்.

இரண்டு பெட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் ஒன்றின் எண்ணை வைத்து இன்னொன்றை ஊகிக்கலாம். அம்மாவை வற்புறுத்தாதது நல்லது. போய்வாருங்கள், தம்பி.

சமாதானபுரத்தான் | 6 ஜூலை 2025

வணக்கம். போன வாரம் ஊர் திரும்பினேன். இந்த இழையில் இருப்பவர்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அம்மா நாட்காட்டித் தாள்களின் பின்பக்கம் எழுதிவைத்திருக்கிறார். ஜூலையில் 38, ஸ்பாஞ்ச் வைத்த அடுத்த வாரம் 47. செப்டம்பரில் 45. நவம்பரில் 71, சிலிகா ஜெல் போட்டு மூன்றாம் நாள் 56. டிசம்பரில் 68. பிப்ரவரியில் 52. என் கிட்டாரைச் சுருதி கூட்டினேன். மேல்பலகை புடைக்கவில்லை, விரிசல் இல்லை, ஃப்ரெட் ஓரம் கையில் படவில்லை. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பி உயரம் போகும்போது இருந்த அதே இரண்டரை மில்லிமீட்டர்.

நாட்காட்டித் தாள்களில் நவம்பர் வரை ஒரு எண்தான் இருக்கிறது. டிசம்பர் முதல் ஞாயிறிலிருந்து ஒவ்வொரு தாளிலும் இரண்டு எண்கள். நான் எதுவும் கேட்கவில்லை. அப்பா பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரு பழைய மல் துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் முடிந்த வசம்பு. அம்மாவிடம் இந்த இழையை நான் வாசித்துக்காட்டியது ஒரே ஒரு முறைதான்.

தாள் வைத்துப் பார்த்தேன். பென்சில் கோட்டைத் தாண்டவில்லை. ஆனால் கம்பியை ஏற்ற எனக்குத் தைரியம் வரவில்லை. இதற்கு மறுபடி கம்பி மாட்டி வாசிக்க முடியுமா என்று அம்மா கேட்கிறார். அண்ணாச்சி, நாளை கொண்டுவரட்டுமா?

வீணை மாணவி | 6 ஜூலை 2025

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

முறுக்காணி | 6 ஜூலை 2025

கொண்டுவாருங்கள், தம்பி. பிரிட்ஜை ஒட்டி, ஒரு வாரம் பிடிப்பில் வைத்து, மெல்லிய கம்பியாக மாட்டித் தருகிறேன். கனத்த கம்பி அந்தக் கழுத்துக்கு வேண்டாம். அம்மாவையும் அழைத்து வாருங்கள். ஐந்து மணிக்குமேல் வாருங்கள், வெயில் தாழட்டும்.